ஸ்டேஷனுக்கு ஒரு கிறிஸ்துதாஸ்

சேக்காடு ஐக்கிய கால்பந்துக் கழகம் கடைசியாக ஓர் ஆட்டத்தில் ஜெயித்து நான்கு வருடங்கள் ஆகின்றன. அதன் இணையதளம் வாடிக்கையாளர்களை ஈர்ப்பதில் சிறந்தது என்று கேடயம் வாங்கி நான்கு மாதங்கள்தான் ஆகின்றன. ஆகையால் கழகம் நல்ல நிலையில் இருப்பதாகவே அதன் நிர்வாகிகள் சொல்லிவந்தார்கள். சம்பளத்துக்கு இருந்தவர்கள் பதினெட்டுப் பேர். அதில் ஏழு பேர் பந்து விளையாடினார்கள். மீதிப் பதினொரு பேர் இணையதளத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பதினொரு பேரைத்தான் செயலாளர் பூபாலன் ‘நம்ம டீம்’ என்று குறிப்பிடுவார்.

ரூபஸுக்கு இது எதுவும் தெரியாது. ஆவடித் தொழிற்சாலையில் தொழிலாளர்களை மேற்பார்க்கும் சார்ஜ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்தெட்டு வயதிலும் முழுக்கைச் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போடாமல் வாசலுக்குக்கூட வரமாட்டார். அவருடைய அப்பா கிறிஸ்துதாஸ் அந்தக் கழகத்தின் முதல் கோல்கீப்பர். அதோடு தேவாலயச் சபையின் மதுவிலக்குச் சங்கத்துக்கு இருபத்திரண்டு வருடம் செயலாளர். இருமல் மருந்து வாங்கினால் லேபிளை முழுக்கப் படிப்பார். அதில் ஆல்கஹால் என்று ஒரு சொல் இருந்துவிட்டால் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இருமிக்கொண்டே வீட்டுக்கு வருவார்.

அப்படிப்பட்டவரின் படத்தைச் சபை மண்டபத்தில் மாட்ட வேண்டும் என்று ரூபஸ் ஆறு வருடமாக விண்ணப்பம் எழுதிவந்தார். ஏழாவது வருடம் கமிட்டி இணங்கியது. அடுத்த ஞாயிறு மதுவிலக்கு ஞாயிறு. அன்றைக்குப் படத் திறப்பு என்று முடிவாகியிருந்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தவரை கமிட்டிச் செயலாளர் பிராங்க் வண்டி நிறுத்துமிடத்துக்கு அழைத்துப் போனார்.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. அப்பா குடிப்பாரா?”

ரூபஸின் முதுகு ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் நேரானது.

“யாருடைய அப்பா?”

பிராங்க் கைப்பேசியை நீட்டினார். கழகத்தின் இணையதளம். முகப்பில் கிறிஸ்துதாஸ், கையுறையோடு, 1968-ல் எடுத்த படம். கண்களுக்குக் கீழே யாரோ கருவளையம் தீட்டியிருந்தார்கள். படத்தின் மேல் கொட்டை எழுத்தில்: ‘குடித்தார். விழுந்தார். பந்து அவரைத் தூக்கி நிறுத்தியது.’ அதன் கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்றில், ‘நீங்களும் எழுங்கள்: சீசன் டிக்கெட்.’ மற்றதில், ‘அவர் முகத்தை அணியுங்கள்: டீ-ஷர்ட்.’

“கமிட்டில நாலு பேர் பாத்துட்டாங்கண்ணே,” என்றார் பிராங்க். “மதுவிலக்கு ஞாயிறு அன்னிக்குக் குடிகாரர் படத்தைத் திறந்தாங்கன்னு நாளைக்குப் பேச்சு வரும். வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள இதை எடுக்க வெச்சிடுங்க. இல்லைன்னா படத்தைத் தள்ளிவைக்கிறதா தீர்மானம் போட்டாச்சு.”

ரூபஸ் வீட்டுக்கு வந்து சட்டைகூட மாற்றாமல் இணையதளத்தைத் திறந்தார். புகார் சொல்ல ஓர் இடம் தேடினார். ‘நேசிக்கிறேன்’ என்று ஒரு பொத்தான் இருந்தது. ‘மிகவும் நேசிக்கிறேன்’ என்று இன்னொன்று இருந்தது. மூலையில் ஒரு சிங்கக்குட்டி கையசைத்தது. அதைத் தொட்டார்.

‘வணக்கம்! நான் சிங்கக்குட்டி. இன்று எப்படி உணர்கிறீர்கள்?’ என்று கேட்டு, ‘மகிழ்ச்சி’, ‘பெருமகிழ்ச்சி’ என இரண்டு விடைகளை நீட்டியது. பொய்யான காகிதம் எதிலும் கையெழுத்துப் போட்டு அறியாதவர் ரூபஸ். பத்து நிமிடம் யோசித்து, பொய்யில் சிறியதைத் தொட்டார். பிறகு தட்டச்சு செய்தார்: ‘என் தகப்பனார் தமது வாழ்நாளில் மது அருந்தியதில்லை. மேற்படி வாசகத்தை உடனே நீக்கவும். இப்படிக்கு, சி. ரூபஸ்.’

‘நெகிழ வைத்துவிட்டீர்கள்! உங்கள் தந்தையும் கிறிஸ்துதாஸைப் போலக் குடியோடு போராடியவரா?’ என்றது சிங்கக்குட்டி. விடைகள்: ‘ஆம்’, ‘மிகவும் ஆம்’.

மனைவி ஜெயசீலி சாப்பிடக் கூப்பிட்டபோது அவர் கழகத்தின் வெள்ளிச் சிங்கம் உறுப்பினர் ஆகியிருந்தார்.

“ஏங்க, உக்காந்து சாப்பிடுங்க. நின்னுகிட்டே எதுக்கு?”

“உக்கார முடியல.”

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குக் கழக அலுவலகத்தில் நின்றார். வீரர்கள் உடைமாற்றிய அறையும் பந்து வைத்த அறையும் சேர்ந்து கண்ணாடி போட்ட ஒரே கூடமாகியிருந்தது. சுவரை அடைத்துக்கொண்டு ஒரு புனல் படம். மேல்வாயில் ‘ஆவடி மக்கள் அனைவரும்’ என்றும், கீழ்த் துளையில் ‘டீ-ஷர்ட் வாங்கியவர்’ என்றும் எழுதியிருந்தது. ரசிகர் அனுபவத் தலைவர் என்ற பதவியில் இருந்த கவிப்பிரியா எழுந்து வந்து கைகூப்பினாள்.

“வாங்க சார். ரூபஸ் சார்தானே? நேத்து நாலு மணி நேரம் நம்ம சைட்ல இருந்திருக்கீங்க. அவ்வளவு நேரம் இதுவரைக்கும் யாருமே இருந்ததில்ல. நீங்க இப்ப புனல்ல மூணாவது படியில இருக்கீங்க.”

“நான் புனலில் இறங்க வரலம்மா. எங்கப்பா குடிச்சதில்ல. அதை எடுக்கணும்.”

பூபாலன் உள்ளறையிலிருந்து வந்தார். மனை விற்பனையிலிருந்து கால்பந்துக்கு வந்தவர். தேநீர் வரவழைத்து, தானே ஆற்றிக் கொடுத்தார்.

“சார், உங்க ஃபீலிங் புரியுது. எங்கப்பாவைச் சொன்னா நானும் இப்படித்தான் வருவேன். ஆனா ஒண்ணு யோசிங்க. முன்னெல்லாம் நாம மேட்சை வித்தோம். மேட்ச்ல ஒரு டிஃபெக்ட் இருக்கு சார். ரெண்டுல ஒரு டீம் தோத்துடும். அந்த மாதிரி ஒரு சரக்கை வெச்சுகிட்டு எந்தக் கடைக்காரன் பொழைப்பான்? இணையதளத்துல தோல்வியே கிடையாது. அதனாலதான் கழகம் இன்னிக்கு இங்க நிக்குது.”

“ஆட்டம் நடக்குதா?”

“தேவைப்படும்போது நடத்துறோம்.”

கவிப்பிரியா நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். உண்மையான அக்கறையோடு கேட்டாள்: “சரி சார், அப்பாவோட நிஜக் கதையை நீங்க சொல்லுங்க. நல்லா இருந்தா மாத்திடலாம்.”

ரூபஸ் சொன்னார். 1971. தொழிலாளர் கோப்பை இறுதியாட்டம். கடைசி நிமிடங்களில் எதிரணி அடித்த பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்து, சுழன்று, வெளியே இருந்த கிறிஸ்துதாஸின் கைக்கே திரும்பி வந்தது. நடுவர் பார்க்கவில்லை. கூட்டமும் பார்க்கவில்லை. கிறிஸ்துதாஸ் பந்தோடு நடுவரிடம் நடந்துபோய், ‘ஐயா, உள்ளே போய்விட்டது’ என்றார்.

கவிப்பிரியாவின் பேனா நின்றது.

“அப்புறம்?”

“தோத்துட்டோம்.”

“சொல்லாம இருந்திருந்தா?”

“ஜெயிச்சிருப்போம்.”

அவள் பூபாலனைப் பார்த்தாள். பூபாலன் புனலைப் பார்த்தார்.

“இதுல ரசிகன் எதை வாங்குவான் சார்?” என்று மெதுவாகக் கேட்டாள். “குடிச்சவரு எழுந்தாருன்னா, விழுந்து கிடக்கிற எல்லாருக்கும் ஒரு டிக்கெட் விக்கலாம். இவரு முதல்ல இருந்தே நின்னுகிட்டு இருக்காரே.”

“அது நடந்தது.”

“நடந்ததெல்லாம் ஓடாது சார். ஆனா கட்டாயம் பரிசீலிப்போம்.” கதவுவரை வந்து வழியனுப்பினாள். படியிறங்குவதற்குள் அவர் கைப்பேசி அதிர்ந்தது. கழக அலுவலகத்துக்கு நேரில் வந்ததால் அவர் தங்கச் சிங்கமாக உயர்த்தப்பட்டிருந்தார்.

மைதானத்தில் வேம்புலி சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் இடது பக்கத் தடுப்பாட்டக்காரர். ரூபஸோடு பள்ளிக்கூடம் போனவர். மைதானத்தின் பாதி வரைதான் கோடு இருந்தது.

“அந்தப் பக்கம் போடலையா?”

“காமிரா பாக்குற பக்கம் மட்டும் போட சொல்லிகீறாங்க அண்ணாத்தே. மிச்சத்துக்குப் பொடி வேஸ்ட்டாம்.” வேம்புலி நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். “இன்னா, மூஞ்சி ஒரு மாரி கீது? உங்க நைனா மேட்டரா? அட, எங்க நைனாவையும் போட்டுகீறாங்கப்பா. உங்க நைனாவுக்கு சரக்கு வாங்கியாந்து ஊத்திக் குடுத்ததே அவருதானாம்.”

“உங்கப்பா அப்போ ஊரிலேயே இல்லையே வேம்புலி. பட்டாளத்திலே இருந்தார்.”

“ஆமா, பஞ்சாப்ல இருந்தாரு. ஆனா போட்டோ சோக்கா வந்துகீது. ரெண்டு டீ-ஷர்ட்டு ஃப்ரீ.” சட்டையை இழுத்துக் காட்டினார். மார்பில் கிறிஸ்துதாஸின் முகம் வியர்வையில் நனைந்திருந்தது. “நீ ஏன் டென்ஷன் ஆவுற? செத்தவரு வந்து கேக்கப் போறாரா?”

ரூபஸ் திரும்பி நடந்தார். வேறு யாராவது கேட்டிருந்தால் திட்டியிருப்பார். அப்பாவின் முகத்தை மாட்டிக்கொண்டு நின்றவரைத் திட்ட வாய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை கொரட்டூரிலிருந்து தங்கை ஷைலா பேசினாள்.

“அண்ணே, அப்பா சீட்டாடுவாரா? எங்கிட்ட ஏன் சொல்லவே இல்ல?”

“குடிப்பாருன்னுதானே போட்டிருக்கான்?”

“இல்லண்ணே, இங்க சீட்டாட்டம்னுதான் இருக்கு. ‘எல்லாவற்றையும் தோற்றார், ஒரு வலையை மட்டும் காத்தார்’னு போட்டிருக்கான். என் பொண்ணோட மாப்பிள்ளை வீட்டுல வேற பாத்துட்டாங்க.”

அவள் வைத்த ஒரு மணி நேரத்தில் பூந்தமல்லியிலிருந்து சித்தப்பா மகன் இருதயராஜ் கூப்பிட்டான். சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில் கேட்டான்: “பெரியப்பாவுக்கு இங்க பூந்தமல்லியில ஒரு வீடு இருந்துச்சா அண்ணே? ‘கிறிஸ்துதாஸுக்கு இரண்டு வீடு. மூன்றாவது வீடு மைதானம்’னு வருது. சும்மா கேக்குறேன். பசங்க கேக்குறாங்க.”

ஜெயசீலி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தபோது ரூபஸ் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

“யாருங்க போன்ல?”

“அம்மாவையும் விடலடி,” என்றார் அவர்.

புதன்கிழமை அலுவலகக் கதவை அவர் தட்டவில்லை, தள்ளினார். கவிப்பிரியா பெருமையோடு விளக்கினாள். ஒரே கதையை எல்லாருக்கும் காட்டுவது பழைய முறை. இப்போது போன் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊருக்கு ஒரு கதை வரும். எந்தக் கதைக்கு அதிகம் டிக்கெட் போகிறதோ அது தங்கும், மற்றவை உதிரும்.

“ஆவடிக்குக் குடி. கொரட்டூர்ல ஆபீஸ் போறவங்க அதிகம், அவங்களுக்குச் சீட்டு. பூந்தமல்லிக்கு ரெண்டு வீடு. அம்பத்தூருக்கு ஜெயில் ஒண்ணு எழுதிகிட்டு இருக்கோம். ஸ்டேஷனுக்கு ஒரு கிறிஸ்துதாஸ் சார்.”

“பூந்தமல்லியில ஸ்டேஷனே இல்லம்மா,” என்றார் ரூபஸ். அந்த நேரத்தில் அவருக்கு வேறெதுவும் சொல்லத் தோன்றவில்லை. பிறகுதான் குரல் வந்தது. அவர் தம் வாழ்நாளில் அப்படிக் கத்தியதில்லை. எங்கப்பா குடிச்சதில்ல, சீட்டைத் தொட்டதில்ல, எங்கம்மாவைத் தவிர ஒரு பெண்ணை நிமிர்ந்து பார்த்ததில்ல என்று சொல்லிவிட்டு மேஜையைத் தட்டினார். கண்ணாடிக் கூடத்தில் பதினொரு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தார்.

பூபாலன் ஓடிவந்து அவர் தோளைத் தொட்டார். “சார், சார், நாங்க ஒண்ணும் உண்மைக்கு விரோதி இல்ல. உண்மைக்கும் ஒரு சான்ஸ் குடுப்போம். கவிப்பிரியா, நாளைக்கு அண்ணனூர்ல சாரோட உண்மையை ஓட விடும்மா.”

“அண்ணனூர்ல எதுக்கு?”

“அங்க நமக்கு இழக்க ஒண்ணும் இல்ல சார்.”

வியாழக்கிழமை காலை ரூபஸ் ஆவடியில் ரயில் ஏறி அடுத்த ஸ்டேஷனில் இறங்கினார். அண்ணனூர் நடைமேடையில் ஒரு தூணோரம் நின்று கைப்பேசியைத் திறந்தார். அப்பா இருந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம் இல்லை. ஐந்து வரி. பந்து உள்ளே போனது, நடுவர் பார்க்கவில்லை, கிறிஸ்துதாஸ் சொன்னார். அவ்வளவுதான். ஒரு சொல் கூடுதலாக இல்லை. அவர் படித்து முடித்து, மூடி, மறுபடி திறந்து படித்தார். ஆவடிக்குப் போகும் இரண்டு வண்டிகள் வந்து போயின. மூன்றாவது முறை படித்துவிட்டுத்தான் ஏறினார். ஆவடியில் இறங்கித் திறந்தபோது அப்பா மறுபடி குடிக்கத் தொடங்கியிருந்தார்.

அன்று சாயங்காலமே பிராங்கைப் பார்த்து, மறுநாள் தம்மோடு அண்ணனூர் வரும்படி கேட்டார்.

“அண்ணனூர்ல என்னண்ணே?”

“அங்கே அப்பா குடிக்கலை.”

பிராங்க் நல்ல மனிதர். அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு இருவரும் அதே தூணோரம் நின்றார்கள். பிராங்க் தம்முடைய கைப்பேசியில் இணையதளத்தைத் திறந்தார். ஐந்து வரிகளைக் காணோம். ஒரு காணொளி ஓடியது. அதில் ரூபஸ் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். ‘எங்கப்பா குடிச்சதில்ல’ என்று அவர் கத்த, பின்னணியில் வயலின் சேர்த்திருந்தார்கள். கீழே எழுதியிருந்தது: ‘ஐம்பது வருடம் கழித்தும் ஒரு மகனால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.’

ரூபஸ் அங்கேயே நின்று கவிப்பிரியாவைக் கூப்பிட்டார்.

“சார், உங்க உண்மையை மூணு தடவை பாத்திருக்காங்க,” என்றாள் அவள் வருத்தத்தோடு. “மூணும் ஒரே போன். ஆனா உங்க வீடியோ, சார், காலையில இருந்து எல்லா ஊர்லயும் ஓடிகிட்டு இருக்கு. குடி, சீட்டு, ரெண்டு வீடு, எல்லாக் கதைக்கும் அது பொருந்துது. நீங்க எதை மறுக்கிறீங்களோ அதை நம்புறாங்க. நாங்க எழுதினதுல இப்படி ஒண்ணு அமைஞ்சதே இல்ல.”

அவர் திரும்பியபோது பிராங்கின் கண் கலங்கியிருந்தது.

“மனசுல இவ்வளவு வெச்சுகிட்டு இருந்திருக்கீங்களேண்ணே,” என்றார் பிராங்க். “நான் கமிட்டில பேசுறேன். நீங்க இனிமே ஒண்ணும் அலைய வேண்டாம்.”

சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. படத்தை மாட்டுகிறார்கள். ஏகமனதான தீர்மானம். ரூபஸ் அதை ஜெயசீலியிடம் இரண்டு தடவை சொன்னார். ஆனாலும் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டுதான் இருந்தார்.

“அதான் ஒத்துக்கிட்டாங்களே. இன்னும் என்னங்க?”

“பிராங்க் ஏன் அழுதான்னு யோசிக்கிறேன்.”

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் இடம் போதாமல் வெளியிலும் நாற்காலி போட்டிருந்தார்கள். வாசலில் ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் பூபாலன் டீ-ஷர்ட்டுகளை அளவுவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கவிப்பிரியா, வருகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தாள். இருவரும் எழுந்து ரூபஸுக்கு வணக்கம் சொன்னார்கள்.

ஜெபம், பாட்டு, வரவேற்பு எல்லாம் முடிந்து பிராங்க் பேசினார். “போன வருஷம் மதுவிலக்கு ஞாயிறுக்குப் பதினாலு பேர் வந்தீங்க. அதுல பன்னெண்டு பேர் கமிட்டி. முப்பது வருஷமா நாம குடிக்காதவங்களைக் காட்டியே பேசிகிட்டு இருந்தோம். அது யாருக்குங்க வேணும்? இன்னிக்குத்தான் நமக்கு ஒரு சாட்சி கிடைச்சிருக்கார்.”

ரூபஸை அழைத்துக் கயிற்றைக் கையில் கொடுத்தார்கள். இழுத்தார். திரை விலகியது. அப்பா நல்ல தேக்குச் சட்டத்துக்குள் நேராக நின்றார். கீழே பித்தளைத் தகடு: ‘திரு. எஸ். கிறிஸ்துதாஸ். குடியிலிருந்து மீண்டவர்.’

கைதட்டல் எழுந்தது. ரூபஸ் திரும்பவில்லை.

“பிராங்க், இது பொய்,” என்றார் தாழ்ந்த குரலில்.

“அண்ணே, நேத்து ஒருத்தர் எங்கிட்ட வந்து அழுதார். உங்க அப்பாவே விட்டிருக்கார்னா நானும் விடுறேன்னு உறுதிமொழியில கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்கார். நிஜமாவே போட்டிருக்கார். அவர்கிட்ட நான் என்னன்னு சொல்லட்டும்?”

ரூபஸ் முன்வரிசையில் இருந்த மூன்று நான்கு முகங்களைப் பார்த்தார். அவற்றில் எது கையெழுத்துப் போட்ட முகம் என்று தெரியவில்லை. ஆறு வருடம் அவர் கேட்டது இந்தச் சுவரைத்தான். கிடைத்திருந்தது. கயிற்றைக் கையிலிருந்து விட்டார்.

பிறகு பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறினார். சட்டத்தின் இரு பக்கமும் கைகொடுத்துத் தூக்கினார். கனமாக இருந்தது. படத்தோடு இறங்கி, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

“அந்தத் தம்பி குடியை விட்டது நல்ல காரியம். எங்கப்பா குடிச்சதில்ல.”

மண்டபம் முழுக்கக் கைப்பேசிகள் உயர்ந்தன. “பாவம், இன்னும் மனசு ஆறலை,” என்று ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். வாசலில் கவிப்பிரியா ஓடிவந்து, “சார், அதையே இன்னொரு தடவை சொல்ல முடியுமா, வெளிச்சம் இந்தப் பக்கம்,” என்றாள். ஜெயசீலி அவளைத் தாண்டி வந்து கணவரின் செருப்பைக் காலருகே எடுத்துப் போட்டாள். இருவரும் நடந்தார்கள்.

பூந்தமல்லி சாலையில் ஷேர் ஆட்டோக்கள் இரண்டு, சட்டத்தைப் பார்த்ததும் இடமில்லை என்று போய்விட்டன. மூன்றாவது நின்றது. ஓட்டுநர் எட்டிப் பார்த்தார்.

“ஏத்து சார், மடியில வெச்சுக்க.” வண்டி கிளம்பியதும் கண்ணாடி வழியாகப் படத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். “இத்த எங்கியோ பாத்துகீறேனே. அந்த வெப்சைட்ல வர்ற ஆளு இல்ல? தண்ணி போட்டுக் கெட்டு, அப்பால திருந்துனாரே. அவருதான?”

“இல்லப்பா,” என்றார் ரூபஸ். “இவர் வேற.”

“அச்சு அசலா அவரு மாரியே கீதே. அப்ப இது யாரு?”

ரூபஸ் படத்தை மெல்லத் திருப்பி, முகம் தம் மார்பைப் பார்க்கும்படி அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

“எங்க அப்பா.”